முழுவதும் சமதளம்

ஊரில் எனக்கு வைத்திருக்கும் பெயர் மீட்டரம்மா. சைக்கிளின் முன்சக்கரத்தில் தூரம் காட்டும் மீட்டரைக் கட்டிக்கொண்டு, சுற்றுவட்டாரத்தில் ஒரு பாதை விடாமல் ஓட்டி, எத்தனையாவது கிலோமீட்டரில் திரும்ப வேண்டும், எங்கே தண்ணீர் கிடைக்கும், எந்த வீட்டு நாய் துரத்தும் என்பது வரைக்கும் எழுதிப் புத்தகம் போட்டவள் நான். பதினெட்டுப் பாதைகள். வெளியூரிலிருந்து சைக்கிளில் சுற்ற வருகிறவர்கள் எங்கள் கடையில் வண்டி எடுக்கும்போது புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போவார்கள். அதில் ஒரு தப்பைக் காட்டுங்கள், நான் என் பேரையே மாற்றிக்கொள்கிறேன் என்று எல்லாரிடமும் சவால் விட்டுக்கொண்டிருந்தேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன.

பதினெட்டில் எனக்கு உயிரான பாதை ஒன்பதாவது. அது பழைய ரயில் பாதை. ரயில் நின்று பல வருஷம் கழித்துத் தண்டவாளத்தைப் பிடுங்கி, பெரிய ஜல்லியை வாரிவிட்டு, பொடிச்சரளை கொட்டி உருளை விட்டுக் கெட்டித்துக் கொடுத்தார்கள். எங்கள் கடை இருக்கும் மேலூரில் தொடங்கி, இருபத்துநான்கு கிலோமீட்டர் தள்ளி ஆற்றோரத்துக் கீழூரில் முடியும். இரண்டு பக்கமும் நிலம் மடிப்பு மடிப்பாக ஏறி இறங்கும். கார் போகும் ரோடு ஒவ்வொரு மடிப்பிலும் ஏறி விழுந்து எழுந்திருக்கும். அதில் சைக்கிள் மிதித்தால் தொடை கழன்றுவிடும். ரயில் பாதைக்கு அந்தத் தொல்லையே கிடையாது. மேட்டை வெட்டிக்கொண்டும் பள்ளத்தில் கரை கட்டிக்கொண்டும் அது பாட்டுக்குப் போகும். அதனால் புத்தகத்தில் அந்தப் பாதைக்கான பக்கத்துக்கு மேலே கொட்டை எழுத்தில் நான் எழுதியிருந்தேன்: முழுவதும் சமதளம். வயதானவர்களும் இதய நோய் உள்ளவர்களும் பயமின்றி ஓட்டலாம்.

அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்த அம்மா கடைக்குள் வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவர் என்று பிறகு சொன்னார். புத்தகம் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இருந்தது. ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, ஓட்டும்போதே படிக்கிற மாதிரி பொத்தான் வைத்துத் தைத்த பை. தையல் அத்தனை சுத்தம்.

"இத எழுதினது நீங்கதானா?"

"ஆமா. என்ன வேணும்?"

"இந்த ஒம்பதாவது பாதை. இது நிஜமாவே சமதரைதானா?"

நான் ஒரு பஞ்சரை ஒட்டிக்கொண்டிருந்தேன். பசை காய்ந்துகொண்டிருந்த எரிச்சல் வேறு. "அம்மா, படிக்கத் தெரியுமில்ல? அதுலதான் போட்டிருக்கே. என் புத்தகத்துல தப்பு இருக்காது."

"அப்படித்தான் நெனச்சேன்" என்றார். சொல்லிவிட்டு, வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அப்ப எங்க வீட்டுக்காரர் என்கிட்ட பொய்தான் சொல்லியிருக்காரு."

அவர் கணவர் கீழூரில் லிஃப்ட் மெக்கானிக். வாழ்நாள் முழுக்க மேலும் கீழுமாகப் போய் வந்த மனுஷன். இரண்டு வருஷத்துக்கு முன்பு நெஞ்சு வலி வந்து, வேலையை விட்டு, மாத்திரையும் கையுமாக வீட்டில் உட்கார்ந்தார். சைக்கிளை மட்டும் விட முடியவில்லை. டாக்டரிடம் மல்லுக்கட்டி, கடைசியில் சமதரையில் மட்டும் மெதுவாக ஓட்டலாம் என்று அனுமதி வாங்கினார். மனைவி அதற்கும் மேலே ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டார். மேடு என்று ஒன்று கண்ணில் பட்டால் இறங்கித் திரும்பிவிட வேண்டும்.

"என் கையப் புடிச்சு சத்தியம் பண்ணாரு. நான்தான் இந்தப் பையத் தைச்சுக் குடுத்தேன். அவரு போய் ஏழு மாசம் ஆச்சு. ஒம்பதாவது கிலோமீட்டர்ல, அந்தப் பழைய ஸ்டேஷன் பெஞ்சுல படுத்திருந்தாரு. யாரோ தூங்குறாருன்னு நெனச்சு ரொம்ப நேரம் கழிச்சுத்தான் பாத்திருக்காங்க. டாக்டர் என்ன சொன்னாரு தெரியுமா? நல்லா மேடு ஏறியிருக்காரும்மா, அதான் இதயம் தாங்கலைன்னாரு."

பழைய ஸ்டேஷன் பக்கத்தில்தான் கார் ரோடு பாதையைக் குறுக்கே வெட்டுகிறது. அந்த அம்மா என்ன கணக்குப் போட்டிருந்தார் என்பது எனக்குப் புரிந்தது. மனுஷன் சத்தியத்தைக் காற்றில் விட்டுவிட்டு அந்த மேடும் பள்ளமுமான ரோட்டில் ஏறிப் போயிருக்கிறார், முடியாமல் போனபோது ஸ்டேஷனில் வந்து படுத்திருக்கிறார். பைக்குள் இருந்த பக்கத்தைப் பார்த்தேன். கிலோமீட்டர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் டிக் போட்டிருந்தது. இருபத்துநான்கில் தொடங்கி மேல்நோக்கி, பத்து வரைக்கும். பன்னிரண்டுக்குப் பக்கத்தில் மட்டும் டிக் இல்லை, ஒரு கேள்விக்குறி.

"இந்த டிக்கெல்லாம் இருக்கே" என்றேன்.

"அது எனக்குக் காட்டுறதுக்காக வீட்டுலயே உக்காந்து போட்டது. அவரப் பத்தி எனக்குத் தெரியாதா? லிஃப்டுல வர்றேன்னு சொல்லிட்டு மாடிப்படி ஏறுவாரு. கையும் களவுமா புடிச்சிருக்கேன். சைக்கிளத் திருப்பிக் குடுத்தாங்கல்ல, பிரேக்கெல்லாம் தொளதொளன்னு கெடந்துச்சு. பிரேக்கத் தளத்திவிட்டுட்டு அந்தக் கார் ரோட்டு எறக்கத்துல சின்னப்பய மாதிரி பறந்திருக்காரு." மூச்சு விட்டுக்கொண்டார். "அவரு ஃபோட்டோவ டிராயர்ல போட்டு வச்சிருக்கேன். முகத்தப் பாத்தாலே பத்திக்கிட்டு வருது. ஒரு தடவையாவது அந்த எடத்தப் பாக்கணும். எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. நீங்க கூட்டிட்டுப் போவீங்களா?"

கடையில் இரட்டைச் சைக்கிள் ஒன்று உண்டு. முன்னால் இருப்பவர் திருப்ப, பின்னால் இருப்பவர் சும்மா மிதித்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை கீழூர் ஆற்றுப் பாலத்துக்கு அதைக் கொண்டு வருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். அவர் போன பிறகுதான் அந்த டிக்குகள் என்னை உறுத்தத் தொடங்கின. இருபத்துநான்கிலிருந்து பத்துக்கு. கீழிருந்து மேலே. அந்தத் திசையில் நான் ஒரு தடவைகூட அந்தப் பாதையை ஓட்டியதில்லை.

நான் எப்போதும் மேலூரில் ஏறி உட்கார்ந்து கீழூரில் இறங்குவேன். திரும்பி வரும்போது பஸ்ஸின் பின்னால் இருக்கும் கொக்கியில் சைக்கிளை மாட்டிவிட்டு, மத்தியானம் கடை திறக்க வந்துவிடுவேன். நான்கு முறை மீட்டர் வைத்து அளந்தேன். நான்கு முறையும் அப்படித்தான். "அக்கா, அந்தப் பாதையில போனா மட்டும் உனக்குப் பத்து வயசு கொறஞ்சிடுது" என்று கூடவே கடையைப் பார்த்துக்கொள்ளும் என் தம்பி கிண்டல் செய்வான். நானும் அதை நம்பி உடம்பைப் பற்றிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் கீழூர் போய், பாலத்திலிருந்து மேல்நோக்கி மிதிக்கத் தொடங்கினேன்.

முதல் இரண்டு கிலோமீட்டர் ஒன்றும் தெரியவில்லை. கண்ணுக்குப் பாதை சமமாகத்தான் இருந்தது. பக்கத்தில் கார் ரோடு ஏறுவதும் விழுவதுமாக இருக்க, அதைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் மேஜைப் பலகை மாதிரி தெரியும். ஆனால் வண்டி மட்டும் ஓடமாட்டேன் என்றது. இருபத்தொன்றாவது கிலோமீட்டரில் டயரை அழுத்திப் பார்த்தேன், காற்று இருந்தது. இருபதில் இறங்கி, வண்டியைக் கவிழ்த்துப் போட்டு, சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். பிரேக் கட்டை எங்கேயோ உரசுகிறது என்று நினைப்பு. முப்பது வருஷம் சைக்கிளோடு குடித்தனம் நடத்துகிறவள் வேறு என்ன நினைப்பாள்? உரசல் இல்லை. இருந்தாலும் எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்பேனரை எடுத்து பிரேக் கம்பியைக் கொஞ்சம் தளர்த்தினேன்.

தளர்த்திக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. பிரேக்கெல்லாம் தொளதொளன்னு கெடந்துச்சு. அவரும் இங்கேதான் எங்கேயோ இறங்கியிருக்கிறார். வண்டியைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறார். பாதை சமதளம் என்று புத்தகம் சொல்லும்போது, கோளாறு வண்டியில் இருக்க வேண்டும் என்று பிரேக்கைத் தளர்த்தியிருக்கிறார். அப்படியும் ஓடவில்லை என்றால் கோளாறு தன் உடம்பில் என்று நினைத்திருப்பார்.

பதினேழாவது கிலோமீட்டரில் ரயில் காலத்துக் கம்பம் ஒன்று நிற்கும். அதன் உச்சியில் இரண்டு கைகள், அவற்றில் 70 என்ற எண். என் புத்தகத்தில் அதைப் பற்றி இப்படி இருக்கும்: கை சாய்ந்த கம்பம், ரயில் வேகப் பலகையாக இருக்கலாம், நல்ல நிழல். மழையிலும் காற்றிலும் கை வளைந்துவிட்டது என்றுதான் அத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். இப்போது கீழிருந்து வந்து பார்த்தால், நான் போக வேண்டிய பக்கத்துக் கை மேலே தூக்கியிருந்தது. நான் வந்த பக்கத்துக் கை கீழே சாய்ந்திருந்தது. எழுபது அடிக்கு ஓர் அடி ஏற்றம். ரயில் ஓட்டுகிறவனுக்கு அதைச் சொல்லத்தான் அந்தக் கம்பத்தை நட்டிருக்கிறார்கள். வண்டியின் சீட்டை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு பிரேக்கை விட்டேன். அது மெல்லப் பின்னால் நகரத் தொடங்கியது.

மீதியையும் மிதித்தேன். பன்னிரண்டில் பாறையை வெட்டிய இடம் வருகிறது. இரண்டு பக்கமும் சுவர், வானத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. அங்கே எனக்கே மூச்சு வாங்கியது. அங்கேதான் அவர் கேள்விக்குறி போட்டிருந்தார். புத்தகம் சொல்வது சரிதானா என்று அங்கே ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டிருக்கிறார். பிறகு என்னை நம்பி இன்னும் மூன்று கிலோமீட்டர் மிதித்திருக்கிறார்.

தம்பியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே கேட்டான்.

"அக்கா, நீ இதப் போய் அந்தம்மாகிட்ட சொல்லப் போறியா?"

"சொல்லாம?"

"ஏன் வீணா வாயக் குடுத்து மாட்டிக்கிற? போனவரு போயிட்டாரு. புத்தகத்த மாத்து, அடுத்தவனுக்கு ஆகாமப் பாத்துக்கோ. அதுக்கு மேல எதுக்கு?"

"அந்தம்மா அவரப் பொய்யன்னு நெனச்சிட்டிருக்காங்கடா."

"நெனச்சுட்டுப் போகட்டும். பொய்யன்னா கோவம்தான் வரும். இதச் சொன்னா வயிறு எரியும். எது தேவல?"

கையிலிருந்த ஸ்பேனரைத் தூக்கி மூலையில் எறிந்தேன். அவன் அசரவில்லை. சும்மாவா, தம்பியாயிற்றே. ஆனால் கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டான். "ஒரு தடவகூட கீழேருந்து ஓட்டினதில்லையாக்கா?" இருந்த புத்தகங்களை எல்லாம் கட்டி மேஜைக்கு அடியில் தள்ளினேன். ஒன்பதாவது பாதை மேல்நோக்கி முழுக்க ஏற்றம் என்று அட்டையில் எழுதிக் கடை வாசலில் மாட்டினேன். அந்த அட்டையை எழுதக் கை கூசவில்லை. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்வதற்குத்தான் தைரியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் எனக்கு முன்பே பாலத்தில் நின்றிருந்தார். பிளாஸ்டிக் பையைக் கழுத்தில் மாட்டியிருந்தார். பின்சீட்டில் ஏற்றி உட்காரவைத்து, கால் வைக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துக் கிளம்பினேன். பாலம் தாண்டியதும் சொல்லிவிடுவது என்று தீர்மானம். பாலம் தாண்டியது. கம்பத்தில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கம்பமும் போயிற்று.

இரண்டு பேர் பாரத்தை இழுத்து எனக்கு மூச்சு இரைத்தது. பின்னாலிருந்து அவர் சிரித்தார். "எல்லாம் என் வெயிட்டுதான். நாள் முழுக்க மெஷின் முன்னாடி உக்காந்து உக்காந்து இப்படி ஆயிட்டேன். பாவம் நீங்க."

"அதெல்லாம் இல்லம்மா" என்றேன். அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம்தான். நான் கோழை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வழியெல்லாம் அவர் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தார். "அழகா இருக்கு. நல்ல சமமாத்தான் இருக்கு" என்றார் ஒரு தடவை. பாறை வெட்டு வந்தது, போயிற்று. அதற்கு அப்புறம் ஒரு சின்னச் சுரங்கம், அதைத் தாண்டியதும் ஸ்டேஷன் வந்தது. பூட்டிய ஒற்றைக் கட்டடம், புல் முளைத்த பிளாட்ஃபாரம், சிமெண்ட் பெஞ்சு. அவர் இறங்கி, பெஞ்சைக் கையால் துடைத்துவிட்டு, ஓரமாக உட்கார்ந்தார். நடுவில் உட்காரவில்லை.

அந்தப் பெஞ்சைப் பார்த்தே பேசினார். "என் கண்ணாலயே பாத்துட்டேன். சமதரைதான். இங்க வந்திருந்தா உனக்கு ஒண்ணும் ஆயிருக்காது. கடைசி நாள்லகூட என்கிட்ட பொய் சொல்லணுமா? அப்படி என்ன செஞ்சுட்டேன் உனக்கு?"

நான் அவர் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். இவரை இப்படியே வீட்டுக்கு அனுப்பினால் இனி ஆயுசுக்கும் இதே கேள்வியைத்தான் அந்த டிராயரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார். என் பெயர் காப்பாற்றப்படும், அவர் வீட்டுக்காரர் பெயர் போகும். தாங்க முடியவில்லை.

"ஏறுங்கம்மா, திரும்பலாம்" என்றேன்.

வண்டியைக் கீழூர்ப் பக்கம் திருப்பினேன். ஒரு தள்ளு தள்ளிவிட்டு ஏறிக்கொண்டேன். "காலச் சும்மா வச்சுக்கோங்க. மிதிக்காதீங்க."

வண்டி போனது. சுரங்கத்துக்குள் போனது, வெளியே வந்தது. பாறை வெட்டில் வேகம் எடுத்தது. சரளை சரசரவென்று சத்தம் போட்டது. அவர் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவருக்குத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதைச் செய்தேன், மறைப்பானேன்.

"நீங்க மிதிக்கிறீங்களா?" என்றார்.

"இல்லம்மா."

"நானும் மிதிக்கலையே."

"ஆமா."

இன்னும் ஒரு கிலோமீட்டர் போயிருப்போம். "பின்ன எப்படிப் போகுது?" என்று கேட்டார். குரல் மாறியிருந்தது.

"எறக்கம்மா. இந்தப் பாதை முழுக்க எறக்கம். கீழேருந்து வந்தா முழுக்க ஏத்தம். கண்ணுக்குத் தெரியாது. எனக்கும் தெரியல. நான் மேலேருந்து கீழே மட்டும்தான் ஓட்டிப் பாத்து எழுதினேன். உங்க வீட்டுக்காரர் இந்த வழியாத்தான் வந்தாரு. புத்தகத்த நம்பி வந்தாரு. டிக்கெல்லாம் நெஜம். பிரேக்க அவரு தளத்தினது பறக்குறதுக்கு இல்ல. சமதரையில வண்டி ஏன் இழுக்குதுன்னு தெரியாம தளத்தியிருக்காரு. நானும் வியாழக்கிழமை அதையேதான் செஞ்சேன். அவரு உங்ககிட்ட பொய் சொல்லலம்மா. நான்தான் தப்பா எழுதிட்டேன்."

பின்னாலிருந்து "நிறுத்துங்க" என்றார்.

கை சாய்ந்த கம்பத்துக்குக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினேன். இறங்கினார். பையிலிருந்த பக்கத்தைப் பார்த்தார், பாதையைப் பார்த்தார், மறுபடியும் பக்கத்தைப் பார்த்தார். கேள்விக்குறியின் மேல் விரலை வைத்தார்.

"பாலத்துலேருந்து அந்த ஸ்டேஷன் எவ்வளவு உசரம்?"

"இருநூறு மீட்டருக்கு மேல இருக்கும்."

"மாடிக் கணக்குல சொல்லுங்க. அவரு எல்லாத்தையும் மாடிக் கணக்குலதான் சொல்லுவாரு."

"எழுபது மாடி."

"மூணாவது மாடிக்கே படியேற விடமாட்டேன் நான்" என்றார். அதற்கு மேல் முடியவில்லை. பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பாதை ஓரத்தில் உட்கார்ந்து அழுதார். ஏழு மாதமாகக் கோபத்தில் அடக்கி வைத்திருந்த அழுகை. பக்கத்தில் போகவோ கையைப் பிடிக்கவோ எனக்கு என்ன யோக்கியதை? வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நானும்தான் அழுதேன்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஒரே ஒரு தடவ கீழேருந்து மேல ஓட்டிப் பாத்திருக்கக் கூடாதா?"

"பாத்திருக்கணும்."

"இதய நோய் உள்ளவங்கன்னு யாரு உங்கள எழுதச் சொன்னா?"

"யாரும் சொல்லல. நானா எழுதினேன்."

தலையை ஆட்டினார். என்ன அர்த்தத்தில் ஆட்டினார் என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. எழுந்து துணியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"உங்களப் பத்தி அப்புறம் யோசிக்கிறேன். இப்ப நான் வீட்டுக்குப் போகணும். ஏழு மாசமா அந்த மனுஷன இருட்டுல போட்டு வச்சிருக்கேன்."

"ஏறுங்கம்மா, கொண்டு போய் விட்டுடுறேன்."

"வேண்டாம். நடக்கிறேன்."

"இன்னும் ஏழு கிலோமீட்டர் இருக்கு."

"இருக்கட்டும். அவரு மிதிச்ச வழிதானே."

சொல்லிவிட்டு நடந்தார். நான் இரட்டைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நாலைந்து அடி பின்னால் போனேன். கொஞ்சம் அசந்தாலும் வண்டி தானாக உருண்டு போய் அவர் காலில் மோதிவிடும்போல இருந்தது. ஆற்றுப் பாலம் வரைக்கும் பிரேக்கைப் பிடித்த கையை எடுக்காமல் நடந்தேன்.